முதலில் ஜன்னலைத் திறங்கள்: பள்ளியிலும் வீட்டிலும் சளி, இருமல், காய்ச்சல் பரவுவதைக் குறைக்கும் வழிகள்

ஐப்பசியில் நாலு மழை பெய்தால் போதும், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மீதிப் பேர் வீட்டில் படுத்திருப்பார்கள், வாட்ஸ்அப் குழுவில் "இன்னிக்கு ஹோம்வொர்க் என்ன?" என்று அம்மாக்கள் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சீசன் மாறுகிறது, அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பாட்டில் இருமல் மருந்தோடு விட்டுவிடுகிறோம். சீசன் என்பதில் உண்மை இருக்கிறது. ஃப்ளூ இந்தியா முழுக்க ஒரே மாதத்தில் வருவதில்லை; பெரும்பாலான ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஏறும், ஸ்ரீநகரில் குளிர்காலத்தில் ஏறும், சென்னை, வேலூர் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் உச்சம். ஆனால் மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று சொல்வதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது: மழை வந்தால் நாம் ஜன்னலைச் சாத்துகிறோம். நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து, எல்லா ஜன்னலையும் சாத்தி, ஆறு மணி நேரம் உட்கார வைத்தால், அதில் ஒரே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தாலும் போதும்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஜன்னலைச் சுற்றித்தான் போகும். கை கழுவுவது, மாஸ்க், தடுப்பூசி எல்லாம் வரும். ஆனால் காற்றை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் செய்கிற பள்ளிகள்தான் அதிகம் என்பதால் காற்றுக்குத்தான் இங்கே அதிக இடம்.

எப்படிப் பரவுகிறது என்பது முதலில்

மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஈரத்துகள்கள் வருகின்றன. பெரியவை ஒன்றிரண்டு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்கே தெரியாத சின்னத் துகள்கள் விழுவதில்லை, நிமிடக்கணக்கில், சமயத்தில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் இருக்கக்கூடும். கொரோனாவும் ஃப்ளூவும் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் அவையும் காற்றில்தான் பெருமளவு பயணம் செய்கின்றன.

அடுப்படியில் வரமிளகாய் வறுப்பதை நினைத்துப் பாருங்கள். அடுப்புப் பக்கத்தில் நிற்பவருக்கு நெடி அதிகம், ஆனால் கூடத்தில் டிவி பார்ப்பவரும் இருமுகிறார். ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் குறைகிறது. அந்த நேரத்தில் யாரும் போய்க் கை கழுவிக்கொண்டிருப்பதில்லை. நோயுள்ளவர் விடுகிற மூச்சும் ஏறக்குறைய இப்படித்தான், நெடி இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சத்தமாகப் பேசினால், பாடினால் துகள்கள் இன்னும் அதிகம் வரும். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற இடத்தில் ஒரு பாடல் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் சேர்ந்து பாடிப் பயிற்சி செய்தார்கள். அதில் ஒருவருக்கு ஏற்கெனவே லேசான அறிகுறிகள் இருந்தன. அவரையும் சேர்த்து 53 பேருக்குக் கொரோனா வந்தது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். நம் ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் வாய்ப்பாட்டைக் கோரஸாக ஒப்பிக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்கள்தானே? காய்ச்சல் சீசனில் அதை மட்டுமாவது வராந்தாவிலோ மரத்தடியிலோ வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும்.

வகுப்பறை

பழைய அரசுப் பள்ளிக் கட்டடங்களைக் கவனித்துப் பாருங்கள். உயரமான கூரை, எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல், மேலே வென்டிலேட்டர், முன்னால் வராந்தா. கட்டியவர்கள் வெயிலுக்காகத்தான் அப்படிக் கட்டியிருப்பார்கள், ஆனால் தொற்றுக்கும் அதுதான் சரியான அமைப்பு. பிரச்சினை என்னவென்றால் ஜன்னல் இருக்கும், திறக்க முடியாது. ஒன்றின் முன்னால் பீரோ நிற்கும், இன்னொன்றின் முன்னால் போன வருடத்துப் புத்தகக் கட்டு, மூன்றாவதில் கொக்கி உடைந்து காற்றில் டமால் டமால் என்று அடிக்கிறது என்று கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். ஆகவே முதல் வேலை செலவில்லாத வேலை: ஒரு சனிக்கிழமை வகுப்பு வகுப்பாகப் போய், எந்த ஜன்னல் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்று எழுதுங்கள். பீரோவை நகர்த்துங்கள், கொக்கி வாங்கி மாட்டுங்கள், வென்டிலேட்டரில் ஒட்டியிருக்கும் அட்டையைக் கிழித்துப் போடுங்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசலாம், அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை.

ஒரே பக்கம் இருக்கும் இரண்டு ஜன்னலைத் திறப்பதை விட, எதிரெதிரே ஒரு ஜன்னலும் ஒரு கதவும் திறந்திருப்பது மேல். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும், அதுதான் கணக்கு. எதிரே வழியே இல்லாத அறை என்றால், ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னல் பக்கம் வெளியே பார்த்தபடி வைத்து ஓட விடுங்கள், அது உள்காற்றை வெளியே தள்ளும், கதவு வழியாகப் புதுக்காற்று வரும். சீலிங் ஃபேன் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். சீலிங் ஃபேன் அறைக்குள் இருக்கும் காற்றைக் கலக்கும், வெளியேற்றாது. ஜன்னல் திறந்திருந்தால் அதுவும் உதவும், மூடியிருந்தால் ஒரு பெஞ்சில் இருப்பதை எல்லாப் பெஞ்சுக்கும் கொண்டுபோகும்.

காற்று உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய ஓர் ஊதுவத்தி போதும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பற்றவைத்து ஜன்னலோரம், கதவோரம், கடைசிப் பெஞ்சு மூலை என்று ஒவ்வோர் இடமாகப் பிடித்துப் பாருங்கள். புகை வெளியே இழுக்கப்படுகிறதா, உள்ளே தள்ளப்படுகிறதா, இல்லை அப்படியே நேராக மேலே போய் நிற்கிறதா? நேராக நிற்கிற மூலைதான் மோசமான மூலை. அங்கே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட முடியுமா என்று பாருங்கள்.

இப்போது மழை. நம் ஊர்க் கட்டடங்களில் ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் இருப்பதே மழையிலும் ஜன்னல் திறந்திருக்கட்டும் என்பதற்குத்தான். சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் பாதி சாத்துங்கள், எதிர்ப்பக்கத்தையும் வென்டிலேட்டரையும் திறந்தே விடுங்கள், ஜன்னலோர பெஞ்சுகளை ஓர் அடி உள்ளே தள்ளிப் போடுங்கள். ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிள்ளைகள் ஜாக்கெட்டும் மப்ளருமாக உட்கார்ந்திருக்க, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஜன்னலையும் விரியத் திறந்தார்கள். அந்தக் குளிரே நமக்குக் கிடையாது, நாம் நாள் முழுக்கத் திறந்து வைக்கலாம்.

கொசு வருமே என்பது நியாயமான கேள்வி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், அதன் சீசனும் இதே மழைக்காலம்தான். அதற்கு வழி ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது. வலை காற்றைக் கொஞ்சம் குறைக்கும், தூசி அடைத்துக்கொண்டால் நிறையவே குறைக்கும், அதனால் மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கூடவே மொட்டை மாடித் தொட்டியையும் வளாகத்தில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டையையும் பாருங்கள். மூடிய வகுப்பறைக்குள் கொசுவத்திச் சுருள் கொளுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம், இழுப்பு இருக்கும் பிள்ளைகள் பாவம்.

அடுத்து ஏசி வகுப்பறை. இதற்கென்று தனிக் கட்டணம் வாங்கும் பள்ளிகள் இருக்கின்றன, பெற்றோரும் பெருமையாகக் கட்டுகிறார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு சொட்டுக் காற்றைக்கூட உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்ப விடுகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஜன்னல் இல்லாத ஓர் உணவகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் மொத்தம் பத்துப் பேருக்குக் கொரோனா வந்தது, ஏசி காற்று அந்த மூன்று மேசைகளுக்கு இடையேதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஏசியைக் கழற்றச் சொல்லவில்லை. ஒரு ஜன்னலை நாலு விரல் அகலம் எப்போதும் திறந்து வைக்கச் சொல்லுங்கள், இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் எல்லாவற்றையும் விரியத் திறக்கச் சொல்லுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். அட்மிஷனுக்குப் போகும்போது "கிளாஸ் ஏசியா சார்?" என்று கேட்பவர்கள், "வெளிக்காற்று எப்படி உள்ளே வருது சார்?" என்றும் கேட்கலாம்.

அளந்து பார்க்க வேண்டும் என்றால்

வைரஸை அளக்க முடியாது, ஆனால் அடுத்தவர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அளக்கலாம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கிறது. நாம் விடும் மூச்சில் 40,000 பிபிஎம் பக்கம். அறையில் 800க்குக் கீழே இருந்தால் நல்ல காற்றோட்டம், 1,000ஐத் தாண்டினால் ஜன்னலைப் பாருங்கள், 2,000 என்றால் அந்த அறையில் பாடம் நடத்துவதே வீண், பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். இதற்கான மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கும்போது உள்ளே என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியை வைத்து கார்பன் டை ஆக்சைடையே நேராக அளப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு விலையில் விற்கும் பலதும் வேறு வாயுக்களை மோப்பம் பிடித்துவிட்டு ஓர் உத்தேச எண்ணைக் காட்டுபவை. சானிடைசர் தடவிய கையைப் பக்கத்தில் கொண்டுபோனதும் எண் தாறுமாறாக எகிறினால் அது டுபாக்கூர்.

பள்ளிக்கு ஒன்று போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து அறை அறையாக அளந்து எழுதச் சொல்லுங்கள், அறிவியல் பாடமும் ஆயிற்று. மீட்டர் இல்லையென்றால் மூக்கு இருக்கிறது: வெளியிலிருந்து வகுப்புக்குள் நுழைந்ததும் புழுக்க வாடை முகத்தில் அடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். உள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது.

ஜன்னலே திறக்க முடியாத இடத்துக்கு (மெயின் ரோட்டுப் புகை, பக்கத்தில் வேலை நடக்கும் கட்டடம்) ஏர் பியூரிஃபையர் ஒரு வழி. அதில் ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் வடிகட்டி) இருக்க வேண்டும். எத்தனை வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 5ஆல் பெருக்குங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து முறையாவது காற்று சுத்தமாக வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் சொன்ன அளவு. 24 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயர அறை என்றால் 136 கன மீட்டர், ஐந்து மடங்கு 680. பெட்டியில் சிஏடிஆர் (ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்றைத் தரும் என்ற அளவு) என்று போட்டிருக்கும் எண் இதற்கு ஈடாக வேண்டும். வீட்டுக்கு வாங்கும் பியூரிஃபையர்களில் பெரும்பாலும் 250 முதல் 350 வரைதான் இருக்கும், அதனால் ஒரு வகுப்புக்குக் குறைந்தது இரண்டு தேவை. ஓரமாக ஒரு குட்டிப் பியூரிஃபையரை வைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று விளம்பரம் செய்கிற பள்ளியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வேனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வகுப்பறையை விடச் சின்ன இடம், அதிகக் கூட்டம், முக்கால் மணி நேரப் பயணம். முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலே காற்று குறுக்காக ஓடும். ஏசி வேன் என்றால் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்று வரும்படி வைக்கச் சொல்லுங்கள். டிரைவர் அண்ணனிடம் ஒருமுறை நேரில் பேசினால் போதும், பெரும்பாலும் செய்துவிடுவார்.

லீவு போடுவது

எவ்வளவு ஜன்னல் திறந்தாலும், காய்ச்சலோடு ஒரு பிள்ளை வந்தால் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குப் பலன் குறைவு. ஆகவே அடுத்த விதி: காய்ச்சல் இருந்தால் பள்ளி இல்லை. பாராசிட்டமால் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். காலையில் ஒரு மருந்தைக் கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இப்ப இல்லையே" என்று அனுப்புவது எல்லா வீட்டிலும் நடக்கிறது, நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் மருந்து இறங்கி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்துக் கிடக்கும்.

வெறும் மூக்கொழுகல் என்றால் ஒவ்வொரு முறையும் லீவு போட முடியாது, அது நடைமுறைக்கு ஒத்துவராது. காய்ச்சல் இல்லை, ஓடி ஆடுகிறது, சாப்பிடுகிறது என்றால் மாஸ்க் போட்டு அனுப்புங்கள், ஜன்னலோரம் உட்கார வைக்கச் சொல்லி டீச்சருக்கு ஒரு செய்தி போடுங்கள். காய்ச்சல் எல்லாம் போன பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம், அதற்காக வீட்டிலேயே வைத்திருக்கத் தேவையில்லை (இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஒரு பரிசோதனை வேண்டும், அது கடைசியில் வரும்). ஃப்ளூவில் சிக்கல் என்னவென்றால் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவும், முதல் மூன்று நாலு நாள் உச்சம். அதனால்தான் லீவு மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

சில நோய்களுக்கு நாள் கணக்கு உண்டு. தட்டம்மை என்றால் தடிப்பு வந்ததிலிருந்து நாலு நாள், பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள், சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு ஆகும் வரை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்பது கணக்கில்லை, பொருக்குதான் கணக்கு.

இதில் பள்ளிகள் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டிக்கொள்வது ஆண்டு விழாவில்தான். நூறு சதவீத வருகைக்கு ஒரு கோப்பை, ஒரு சான்றிதழ், மேடையில் கைதட்டல். அந்தக் கோப்பைக்காக 101 டிகிரியில் வந்து உட்காரும் பிள்ளை ஒரு வரிசைக்கே கொடுத்துவிட்டுப் போகும். என்னைக் கேட்டால் அந்தப் பரிசை முதலில் எடுக்க வேண்டும். அதோடு, லீவு போட்ட பிள்ளைக்கு அன்றைய பாடம் குழுவில் வந்துவிடும், விட்டுப்போன டெஸ்ட்டை அப்புறம் எழுதலாம் என்று பள்ளி வெளிப்படையாகச் சொன்னாலே பாதிப் பெற்றோர் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு 75 சதவீத வருகை வேண்டும், ஆனால் உடல்நலக் காரணத்துக்குத் தளர்வு உண்டு, டாக்டர் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இதே விதி ஆசிரியர்களுக்கும் வேண்டும். காய்ச்சலோடு வந்து தொண்டை கட்டக் கத்திப் பாடம் நடத்துவது தியாகமாகத் தெரியலாம், முன் பெஞ்சுக்கு அது நல்லதில்லை.

அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது லேசில்லை என்று தெரியும். ஒரே அப்பார்ட்மெண்டில், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு மூன்று குடும்பம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், ஏற்கெனவே காய்ச்சலில் இருக்கும் பிள்ளைகளை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். பாட்டி வீட்டில் விடுவதற்கு முன் மட்டும் யோசியுங்கள். பிள்ளைக்கு மூன்று நாளில் சரியாகும் ஃப்ளூ, சர்க்கரையும் இதய நோயும் இருக்கும் பாட்டியை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாம்.

கை, மாஸ்க், ஊசி

கை கழுவுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சாதாரண சளி வைரஸ்களும் அடினோ வைரஸும் ஆர்எஸ்வி என்ற வைரஸும் கை வழியாக மூக்குக்கும் கண்ணுக்கும் போகும், சின்னப் பிள்ளைகள் மூக்கில் விரல் வைக்காத நிமிடம் இல்லை. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே என்பதால், சாப்பிடும் முன் இரண்டு முறை சோப்பு போட்டு 20 நொடி கழுவினாலே பெரிய விஷயம். குழாயடியில் சோப்பு நிற்பதில்லை என்றால் ஒரு வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள், சிப்பர் பாட்டில் என்றால் பகிரக் கூடாது. இருமினால் முழங்கை மடிப்பில் இருமச் சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் பிள்ளைகள் இருக்கும்போதே பிளீச்சிங் பவுடர் தூவுவது, கிருமிநாசினி ஸ்பிரே அடிப்பது இதெல்லாம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மூச்சுக்கு நல்லதில்லை.

மாஸ்க்கை வருடம் முழுக்க எல்லோரும் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இருமல் உள்ளவர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் எல்லோரும், ஊரில் காய்ச்சல் பரவும் வாரங்களில் கூட்டமான பஸ்ஸில் போகிறவர் போட்டால் போதும். போடுவதென்றால் என்95 போடுங்கள். அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்த வேண்டும், கன்னத்துப் பக்கம் காற்று கசிந்தால் பாதிப் பலன் போயிற்று. பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் வாங்குங்கள், அப்பாவின் மாஸ்க்கை முடிச்சுப் போட்டு மாட்டாதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே மாஸ்க் கூடாது.

தடுப்பூசியில் நிறையப் பேர் விடுவது ஐந்து, ஆறு வயதில் போட வேண்டிய முத்தடுப்பு பூஸ்டர். பள்ளியில் சேர்க்கும் பரபரப்பில் மறந்துவிடுகிறது. தொண்டை அடைப்பானும் கக்குவானும் இன்னும் ஒழிந்துவிடவில்லை. 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான்) ஊசி, குழந்தைக்கு 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் தட்டம்மை-ரூபெல்லா, ஒரு வயதுக்குள் நிமோகாக்கல் ஊசி இவையெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பொன்னுக்கு வீங்கிக்கான ஊசியும் ஃப்ளூ ஊசியும் அரசு அட்டவணையில் இல்லை, தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஃப்ளூ ஊசி வருடா வருடம் போட வேண்டியது, ஆறு மாதக் குழந்தையிலிருந்து போடலாம், ஒன்பது வயதுக்குக் கீழ் முதல் தடவை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி. வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் தமிழ்நாட்டில் செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. வீட்டில் எல்லோருக்கும் போட முடியவில்லை என்றால் வயதானவர்கள், கர்ப்பிணி, இழுப்பு உள்ள பிள்ளை ஆகியோருக்கு முதலிடம்.

வீட்டில், வெளியில்

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால், தனி அறை இருந்தால் அங்கே படுக்கட்டும், அட்டாச்டு பாத்ரூம் இருந்தால் அதன் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுப் பாத்ரூம் கதவைத் திறந்து வையுங்கள், அறைக் காற்று அந்த வழியாக வெளியே போகும். ஒற்றை அறை வீடு என்றால் நோயாளியை ஜன்னலோரம், காற்று வெளியேறும் பக்கம் படுக்க வையுங்கள், பார்த்துக்கொள்கிறவர் மாஸ்க் போடட்டும், மற்றவர்கள் முடிந்தவரை மாடியிலோ வாசலிலோ இருக்கட்டும். பிள்ளையைத் தனியாக அடைத்து வைக்கச் சொல்லவில்லை, அது நடக்கவும் நடக்காது.

கிளினிக் காத்திருப்பு அறைதான் ஊரிலேயே மோசமான இடம் என்று நினைக்கிறேன். சின்ன அறை, ஏசி, இருமிக்கொண்டே முப்பது பேர். டோக்கன் போட்டுவிட்டு வெளியே வண்டிப் பக்கமோ டீக்கடைப் பக்கமோ நில்லுங்கள், நம்பர் வரும்போது கூப்பிடச் சொன்னால் கம்பவுண்டர் கூப்பிடுவார். கல்யாணத்துக்குப் போனால் ஏசி மண்டபத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை, முகூர்த்தம் பார்த்து, பந்தி முடித்து, மீதிப் பேச்சை வெளியே பந்தலில் வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் இருக்கிறதா, மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், ஆனால் பரவுவதை நிறுத்தாது, கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆஸ்பத்திரிகள் பார்க்கின்றன, சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு அசித்ரோமைசின் வாங்குவதும் வேண்டாம், சளியும் ஃப்ளூவும் வைரஸ், ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், வீட்டில் யாராக இருந்தாலும், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம்தான். காசநோயும் காற்றில் பரவுவதுதான். பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அது வந்துவிட்டது என்று தெரிந்தால் பெற்றோர் கூட்டமாகப் போய் அந்தப் பிள்ளையை நிறுத்தச் சொல்வது நடக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் (காசநோய்க்கான தனி மருத்துவமனை) வைத்துச் சிகிச்சை தருவதையும் வீட்டிலேயே இருக்க வைத்துச் சிகிச்சை தருவதையும் ஒப்பிட்டு 1959இல் முடிவை வெளியிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கும் குணம் ஏறக்குறைய அதே அளவில் கிடைத்தது, அவர்களுடைய குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. சரியான மருந்து ஆரம்பித்துவிட்டால் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். எப்போது திரும்பி வரலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கடைசியாக, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு, அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குவது, உதடு நீலமாவது, தண்ணீரோ பாலோ குடிக்க மறுப்பது, எழுப்பினால் எழாமல் சோர்ந்து கிடப்பது, வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே உடனே போக வேண்டும். சந்தேகம் கேட்க 104, வண்டிக்கு 108.